குசினிப் பின்வாசலில் நின்றது

கணினித் திரையில் வீடு அப்படியே எழும்பி நின்றது. கதிரை, அலுமாரி, மழை ஊறின சுவர்க் கறை, மகள் ஸல்ஹா பென்சிலால் கிறுக்கின மூலை எல்லாம் அச்சொட்டாக வந்திருந்தன. குசினிப் பின்வாசலின் படியில் மட்டும், வீட்டில் இல்லாத ஒன்று இருந்தது. பெரியவர்களின் இடுப்பளவுக்கு ஒரு மேடு. ஜுமானா எழுந்துபோய்ப் பின்வாசலைப் பார்த்தாள். ஈரமான படியும் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியும்தான் கிடந்தன.

கைபேசியால் ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படமெடுத்துக் கொடுத்தால், அந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஒட்டி, உள்ளே நடந்து திரியக்கூடிய வீடாக்கித் தரும். அதற்கு ஒரு குணம் உண்டு. அசையாமல் நிற்பதைத்தான் அது கட்டும். ஓடித்திரிகிற பிள்ளை, ஆடுகிற சீலை, குறுக்கே போகிற பூனை எல்லாவற்றையும் கரைத்துவிடும். அப்படியென்றால் அந்த மேடு, அவள் படமெடுத்து முடியும்வரைக்கும் அசையாமல் நின்றிருக்கிறது.

ஜுமானாவும் சல்லிக் கிராமத்தில் இருக்கிற கோகுலனும் சேர்ந்து விசர்த்தனமான அனிமேஷன் வீடியோக்கள் செய்கிறவர்கள். இடியப்ப உரல் தானாக எழும்பிச் சந்தைக்கு நடந்துபோன வீடியோவைப் பார்த்து ஊரே வயிறு நோகச் சிரித்தது. அந்தத் துணிச்சலில்தான் முதல் வீடியோ கேமைத் தொடங்கினார்கள். வீட்டுக்குள் வழிதவறின ஒரு பூனைக்குட்டியின் கதை. அதன் ட்ரெய்லர் வெள்ளிக்கிழமை வெளிவர வேண்டும். பூனை திரிகிற வீடு, உட்துறைமுக வீதிக்குப் பின் ஒழுங்கையில் ஜுமானா வாடகைக்கு இருக்கிற வீடு. கணவர் றுவைஸ் புல்மோட்டை மணல் தொழிற்சாலையில் வேலை, வார முடிவில்தான் வருவார். மற்ற நாட்களில் அவளும் ஆறு வயது ஸல்ஹாவும்தான்.

இந்த வேலைக்கு நிழல் விழாத வெளிச்சம் வேண்டும். அது பொழுது சாயும்போதுதான் கிடைக்கும். மஃரிப் நேரத்தில், கெட்டவை திரியும் என்று, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவது அவள் வீட்டிலும் வழக்கம். ஆனால் செவ்வாய்க்கிழமை பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது, வெளிச்சத்துக்காகக் கதவு யன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்துவிட்டு அவள் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஸல்ஹா பின் முற்றத்தில், ஊருக்குள் திரிகிற மான்களுக்கு வாழைப்பழத் தோல் போட்டுக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட ஜுமானா மறந்துபோனாள். வேலை முடிந்து திரும்பினால், பிள்ளை உள்ளே வந்து, கை கால் கழுவி, கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அடக்கமாக வந்துவிட்டாளே என்று உம்மாவுக்குச் சந்தோஷம்தான்.

கோகுலன் தொலைபேசியில் கேட்டான்.

"அக்கா, பின்வாசல்ல ஏதோ மொத்தையா நிக்குது. பாத்தனீங்களோ?"

"ஓம், பாத்த நான். பிழையா ஒட்டியிருக்கும். அழிச்சிட்டு அனுப்புறன்."

மென்பொருளில் அழிப்பதற்கென்று ஒரு சின்ன வட்டம் உண்டு. அதைக் கீழ்ப்பக்கத்தில் வைத்துத் தேய்த்தாள். மேட்டின் அடிப்பாகம் துண்டு துண்டாகக் கரைந்து போனது. மா அரைக்கும் ஆலைப் பக்கமிருந்து கோதுமை வாசம் வந்தது. அதற்குள் கடற்சேற்று மணமும் கலந்திருந்தது, அறைக்குள்ளிருந்தே வருவதுபோல.

"அழிச்சிட்டீங்களா உம்மா?"

கதிரைக்குப் பின்னால் ஸல்ஹா. வந்த சத்தமே கேட்கவில்லை.

அழித்த இடத்தில் தரையும் ஓட்டையாகிப்போனதால், புதன்கிழமை திரும்பப் படமெடுக்க வேண்டி வந்தது. இந்தமுறை பின்கதவைப் பூட்டித் தாழ்ப்பாளும் போட்டாள். வீடு திரையில் மெல்ல மெல்லக் கட்டப்பட்டு வந்தது. மேடு பூட்டின கதவுக்கு இந்தப் பக்கம் நின்றது. இப்போது அதற்குத் தோள் இருந்தது. முன்னால் நீட்டின ஒரு கையும் இருந்தது. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கதவு. தரை. வேறொன்றும் இல்லை. எல்லாப் படங்களும் ஒன்றுசேர்ந்தால்தான் அது வருகிறது.

துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. கப்பல் சத்தம் கேட்டால் யன்னலுக்குப் பாய்ந்தோடுகிற ஸல்ஹா, கட்டிலில் இருந்தபடி உம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையும் பயந்துவிட்டது என்று ஜுமானா நினைத்தாள்.

"அது கெட்டது உம்மா. கையை அழிங்க."

கையை அழித்தாள். வட்டம் விரல்களின் மேல் ஓடும்போது குசினியில் ஏதோ விம்மியது போலிருந்தது. அவள் மின்விசிறியைக் கூட்டி வைத்தாள். சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது.

வியாழக்கிழமை அவளால் திரையில் அந்த வீட்டைப் பார்க்கவே ஏலவில்லை. கடைசிப் படங்களை எடுத்து, நீங்களே செய்யுங்கள் என்று கோகுலனுக்கு அனுப்பிவிட்டு, றுவைஸுக்கு எடுத்தாள்.

"இண்டைக்கே வாங்களேன். வீட்டுக்குள்ள என்னமோ இரிக்கி. மகளுக்குக் கிட்டக் கிட்ட வருது."

"மழையில பாதை மூடிக் கிடக்கு புள்ள. விடிய வாறன். நீங்க இப்பவே மகளக் கூட்டிக்கொண்டு கிண்ணியாவுக்கு உங்கட உம்மா வீட்ட போங்க."

பையில் கைக்கு அகப்பட்டதைத் திணித்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிள்ளை கனத்தது. நேற்றைவிடக் கனம். எப்படியாவது இவளை இங்கிருந்து கொண்டுபோய்விட வேண்டும், அவ்வளவுதான். வாசலுக்கு வரும்போது கோகுலனின் அழைப்பு வந்தது.

"அக்கா, நான் என்ட பெரிய மெஷின்ல போட்டு நல்லாத் துலக்கினனான். அது பிழையில்ல. உங்கட மகள்! ஸல்ஹாதான் நிக்கிறா. சின்னப்பிள்ள எப்பிடி அக்கா இவ்வளவு நேரம் அசையாம நிண்டவ?"

ஜுமானா பையைக் கீழே வைத்தாள்.

"ஆனா ஒரு கையும் ரெண்டு காலும் இல்ல. நீங்கள் அதுக்குள்ள எங்கயும் அழிச்சனீங்களோ? உங்கட கணினிக்கும் அனுப்பியிருக்கிறன், பாருங்கோ."

பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே மேசைக்குத் திரும்பினாள். திரையில் குசினி திறந்தது. தரைக்கு மேலே, கால்கள் இல்லாமல், ஸல்ஹா. நெற்றியில் ஒட்டின ஈரமுடி. கன்னத்தில் நின்றுபோன கண்ணீர். செவ்வாய்க்கிழமை முற்றத்தில் நின்ற அதே சட்டை. மணிக்கட்டோடு முடிந்துபோன கையை உம்மாவை நோக்கி நீட்டியிருந்தாள். உம்மா என்று கூப்பிட விரிந்த வாய்.

மூன்று நாளாய்ப் பிள்ளை உள்ளே வரப் பார்த்திருக்கிறது. உம்மாவின் கண்ணில் படவேண்டும் என்று ஆடாமல் அசையாமல் நின்றிருக்கிறது. அவள் பெற்ற பிள்ளை. அவள் கையாலேயே.

இடுப்பில் இருந்தது அசைந்தது.

இரண்டு கால்கள் அவள் இடையை இறுக்கின. கடற்சேற்று மணம். அவள் தோளைத் தாண்டி ஒரு சின்னக் கை நீண்டு மவுஸைப் பிடித்தது. ஜுமானா அந்தக் கையைப் பற்றி இழுத்தாள். நனைந்த மணல் மூட்டை போலக் கனத்தது. அசையவில்லை. திரையில் சின்ன வட்டம் எழும்பியது. ஸல்ஹாவின் நாடிக்குப் போனது.

"கொஞ்சம்தான் மிச்சம் உம்மா."

வட்டம் வாயின் மேல் ஏறியது.

குசினியில் இருந்து "உம்" என்று ஒரு குரல் தொடங்கியது. முடியவில்லை.