அணையாத ஒரே அடுப்பு

பட்டாணிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. பள்ளி மைதானத்தில் நடக்கும் பார்பிக்யூ போட்டிக்கு அவளும் ஒரு நடுவர்! மாணவர்களில் ஒருவரைக் குலுக்கல் போட்டு எடுத்தபோது அவள் பெயர்தான் வந்தது. தலைமை ஆசிரியையும் பல் டாக்டரும் மற்ற இரு நடுவர்கள்.

ஊர்க்காரர்கள் ஆறு பேர் போட்டியிட, ஆறு அடுப்புகளிலும் கரி கனன்றது. கோழித்துண்டுகளைக் கம்பி வலையில் அடுக்கத் தொடங்கியதுதான் தாமதம், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. காற்று குடைகளைப் பிடுங்கியது. ஐந்து அடுப்புகள் 'புஸ்' என்று அணைந்தன. சைக்கிள் கொட்டகை ஓரத்தில் இருந்த பேக்கரிக்காரரின் அடுப்பு மட்டும் எரிந்தது.

"அப்ப இவர்தான் ஜெயிச்சார். கிளம்பலாம்," என்றார் டாக்டர்.

"ருசி பார்க்காம எப்படி டாக்டர் மார்க் போடறது?" என்றாள் பட்டாணி.

"அதான் மழையே போட்டுடுச்சே!"

தையல்கார அக்கா, வேகாத கோழியைத் துப்பட்டாவால் மூடியபடி நின்றார். காலையிலிருந்து மசாலா அரைத்தவர். அவர் முகத்தைப் பார்க்கப் பட்டாணிக்கு மனசு கேட்கவில்லை.

நேரே பேக்கரிக்காரரிடம் போனாள். "மாமா, உங்க நெருப்புல கொஞ்சம் எல்லாருக்கும் தருவீங்களா?"

அவர் இடுக்கியால் கரியைக் கிளறினார். ஒவ்வொரு வருஷமும் தோற்றவர். இன்று கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுற்றி நின்ற ஐந்து பேரையும் பார்த்தார்.

"மழைல நனைஞ்சவங்களை ஜெயிச்சேன்னு வீட்டுல போய் எப்படிம்மா சொல்றது?" என்று சிரித்தார். "எடுத்துக்கோங்க! மூட்டைல காய்ஞ்ச கரியும் இருக்கு."

"எல்லா அடுப்பையும் எங்க வைக்கறது?" என்றார் தலைமை ஆசிரியை.

"கொட்டகைலதான் டீச்சர். சைக்கிளை எல்லாம் வெளியே தள்ளிடலாம். முதல்ல டாக்டரோட ஸ்கூட்டர்!" என்றாள் பட்டாணி.

"என் ஸ்கூட்டர் நனையணுமா?"

"அதுக்குச் சளி பிடிக்காது டாக்டர்!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டாக்டரே ஸ்கூட்டரைத் தள்ளினார். தையல்கார அக்கா காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டினார். பேக்கரிக்காரர் இடுக்கியால் ஒவ்வொரு அடுப்புக்கும் தணல் எடுத்துப் போட்டார். கொட்டகை முழுக்க மணம் சூழ்ந்தது.

"யார் சமைச்சதுன்னு எங்களுக்குத் தெரியக் கூடாது," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் பட்டாணி. மற்ற நடுவர்களும் திரும்பினார்கள். பின்னாலிருந்து தட்டுகள் வந்தன. ஒன்று உப்புக் கரித்தது. ஒன்றில் காரம் கண்ணைக் கலக்கியது. ஐந்தாவது தட்டைச் சுவைத்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு!

"ஐந்தாம் தட்டு!" என்று கத்தினாள் பட்டாணி. "யாரோடது?"

"என்னோடது," என்றார் பேக்கரிக்காரர்.

தையல்கார அக்காதான் முதலில் விசிலடித்தார். மழையில் மேசைமேல் கிடந்த கோப்பையைப் பட்டாணி ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தாள். பேக்கரிக்காரர் அதைத் தலைக்குமேல் தூக்க, தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவர்மேல் கொட்டியது.

"இன்னொரு தடவை கை தட்டுங்கப்பா! காதுல தண்ணி போயிடுச்சு, சரியாவே கேக்கலை!" என்றார் அவர்.

தட்டினார்கள். கூரைமேல் கொட்டிய மழைச்சத்தமே காணாமல்போகும்படி தட்டினார்கள்.