நமசிவாயம் சொன்ன விலையும் நம்பிய விலையும்

1974, ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வருடத்துக்கான குளியல் எண்ணெயை இன்றைய விலைக்கே பேசி முடித்த பெருமையை விடுதி மேலாளர் பரமசிவன் மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் அங்கே தங்கியிருந்த ரெபேக்காள். அரசாங்கக் கருவூலத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவருக்குப் பொறுமை அதிகம்.

நனைந்த குடையோடு ரெபேக்காளைத் தேடி வந்தாள் தென்காசி ஜாஹிரா பீவி.

“அம்மா, மவுத்தாப் போன எங்க வீட்டுக்காரர் வாங்கி வச்ச அரசாங்கக் கடன் பத்திரம், அஞ்சாயிரம் ரூவா. அந்த வட்டியிலதான் மக பாளையங்கோட்டையில டீச்சருக்குப் படிக்கா. விலைவாசி ரெண்டு மடங்காயிரும், அரசாங்கமே கைய விரிச்சிரும்னு எண்ணெய்க்கடை நமசிவாயம் அண்ணாச்சி சொல்லுதாரு. இன்னைக்கே குடுத்தா மூவாயிரம் தாராராம். குடுத்திரட்டா?”

“ஊரே அந்தப் பயத்துலதான் இருக்கு. அவரும் நெசமாவே பயப்படுதாரான்னு பாக்கணும்,” என்றார் ரெபேக்காள். “பரமசிவன், உம்ம எண்ணெய் யாருகிட்ட?”

“அதே அண்ணாச்சிதான். அவரு எண்ணெய் இருப்பு வைக்கிற கிட்டங்கி காலியாக் கெடக்கு. மாசாமாசம் வெளிய வாங்கித்தான் தருவாரு.”

ரெபேக்காள் செருப்பை மாட்டிக்கொண்டார். மற்ற இருவரும் கூடவே கிளம்பினார்கள்.

தென்காசியில் நமசிவாயத்தின் கடை முன்னால் பத்திரமும் கையுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“அண்ணாச்சி, விடுதிக்கு மூணு வருஷத்துக்கும் இதே விலையில எண்ணெய் தருவீயளா?” என்று ரெபேக்காள் கேட்டார்.

“தாராளமா! இப்பமே கையெழுத்துப் போடுதேன்!” நமசிவாயம் பேனாவை எடுத்தார். பரமசிவனுக்கு வாயெல்லாம் பல்.

ரெபேக்காள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“கேட்டியளா? விலை ரெண்டு மடங்காகும்னா, கையில சொட்டு எண்ணெய் இல்லாதவரு மூணு வருஷம் நஷ்டத்துக்கு வாங்கித் தருவாரா? விலை இறங்கும்னுதான் இவரு நம்புதாரு. இறங்கினா உங்க வட்டிக் காசுக்கு மதிப்புக் கூடும். அரசாங்கம் கைய விரிக்கும்னா இம்புட்டுப் பத்திரம் இவருக்கு எதுக்கு? அஞ்சாயிரத்துக்கு ரெண்டாயிரம் குறைச்சுக் கேக்காரே, அது உங்க பயத்துக்கு இவரு போட்ட விலை!”

“வியாபாரம்னா நாலுஞ் சொல்லத்தான் செய்வோம்…” என்று நமசிவாயம் இழுத்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை; கூட்டம் கலையத் தொடங்கியது.

“அப்பம் எந்தலையில ஒரு வருஷத்து எண்ணெய அதிக விலைக்குக் கட்டிட்டாரா?” பரமசிவனின் முகம் விழுந்தது. கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்று சிரித்தது. ரெபேக்காளும் சிரித்துவிட்டார்.

ஜாஹிரா மட்டும் நிற்கவில்லை. பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, புறப்பட்டுவிட்ட பாளையங்கோட்டை பஸ்ஸைக் கைதட்டி நிறுத்தினாள்.

“படிப்ப நிறுத்திட்டு வான்னு காலையிலதான் மகளுக்கு லெட்டர் போட்டேம்மா,” என்று படியில் நின்றபடி கத்தினாள். “அது போய்ச் சேருமுன்ன நான் போய்ச் சேருதேன்!”