மணலில் வண்டியை நிறுத்தாதே

வண்டியைக் கழுவி முடித்து வாளியைக் கவிழ்த்த பிறகுதான் வீரப்பன் அதைப் பார்த்தான். லேண்ட்ரோவரின் பின்கதவில், நெஞ்சு உயரத்தில், இரண்டு இடங்களில் ஈர மணல் ஒட்டியிருந்தது. இரண்டு நாளில் இது மூன்றாவது தடவை. முதல் தடவை, அவசரத்தில் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துக்கொண்டான். அடுத்த தடவை தேங்காய் நாரைப் போட்டு அழுத்தித் தேய்த்ததில் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் உரிந்தே வந்தது. இப்போது வெறுங்கையால் துடைத்தான். மணல் சில்லென்று இருந்தது. இந்த மலையில் எதுதான் சில்லென்று இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை வேட்டியில் துடைத்தான்.

“மாப்ள, மணி மூணாச்சு. மழைக்கு முன்ன போயிட்டு வந்துரலாம் லா.”

நல்லுசாமி ஷெட்டு வாசலில் நின்றிருந்தான். அம்சவல்லியின் அண்ணன், லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் கோஸும் தக்காளியும் போடுகிறவன். வெள்ளைத் துணியால் வாய் கட்டிய சின்ன மண்கலயத்தை, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அதற்குள் அம்சவல்லி இருந்தாள். வீரப்பனோடு பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தி, போன செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்த அவன் பெண்டாட்டியின் சாம்பல்.

“மச்சான், தானா ராத்தா டவுன் பக்கமா ஒரு ஆத்துல கரைச்சிரலாமே. ரோட்டு ஓரமாவே இருக்கு.”

“அது கால்வா மாதிரி ஓடுது. ஆறு ஏரியில சேர்ற எடத்துலதான் விடணும். எந்தங்கச்சிக்கு இதாவது ஒழுங்கா நடக்கட்டும்.”

அந்த இடம் மணல்திட்டு என்பது வீரப்பனுக்குத் தெரியும். அந்த மணல்திட்டுக்கு என்னால் வரமுடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்பதைத்தான் அவன் மூன்று நாளாகச் சோற்றோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

எஸ்டேட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் நாலு பேர். மணலிலும் சேற்றிலும் ஓட்டத் தெரிந்தவன் வீரப்பன் ஒருத்தன்தான் என்று துரையே சொல்லுவார். புதுசாக வந்த டிரைவர்களுக்கு அவன் மார்தட்டிச் சொல்லிக்கொடுப்பான். இறங்கி முன்சக்கரம் இரண்டிலும் நடுவில் இருக்கும் பூட்டைத் திருப்பு. தீக்குச்சியால் அழுத்தி டயர் காற்றைப் பாதி இறக்கு. சிவப்புக் குமிழ் வைத்த லீவரை, வண்டி நிற்கும்போதே பின்னால் இழு. நாலு சக்கரமும் மெதுவாகச் சேர்ந்து இழுக்கும். இரண்டாம் கியர். மிதிக்காதே, தடவு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: மணலில் வண்டி நகர ஆரம்பித்துவிட்டால், கெட்டித் தரைக்கு வரும்வரை எவன் கூப்பிட்டாலும் நிறுத்தாதே. நிறுத்தினால் புதைந்துபோவாய்.

செவ்வாய்க்கிழமை மண் சரிந்து எஸ்டேட் ரோடு அடைத்திருந்தது. அம்சவல்லிக்கு விடியற்காலையிலிருந்து நெஞ்சடைப்பு, மூச்சு வாங்கியது. ஏரியில் தண்ணீர் குறைந்திருந்ததால் மணல்திட்டு வழியாகக் குறுக்கே போய்ப் பெரிய ரோட்டைப் பிடித்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டான். பதற்றத்தில் சிவப்பு லீவரை இழுத்தவன் முன்சக்கரத்துப் பூட்டைத் திருப்ப மறந்துவிட்டான். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன். பூட்டைத் திருப்பாமல் லீவரை இழுத்து ஒரு புண்ணியமும் இல்லை. முன்சக்கரம் சும்மா கூட உருளும், அவ்வளவுதான். அவன் கண்டுபிடிப்பதற்குள் பின்சக்கரம் அச்சுவரைக்கும் புதைந்துவிட்டது.

இறங்கிப் பூட்டைத் திருப்பினான், மண்ணைத் தோண்டினான். அப்புறமும் வண்டிக்கு ஒரு கை தேவைப்பட்டது. “புள்ள, லேசா ஒரு தள்ளு தள்ளிடு. ஒரே தள்ளுதான்” என்றான். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் பின்னால் போனாள். வண்டி ஏறி வந்தது. அவன் நிறுத்தவில்லை. நூறு கெஜம் தாண்டி கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு அவள் நடந்து வரட்டும் என்று காத்திருந்தான். பீடிகூடப் பற்றவைத்தான். பாதி பீடி தீர்ந்தும் அவள் வரவில்லை. போய்ப் பார்த்தால் சக்கரத் தடத்திலேயே குப்புறக் கிடந்தாள்.

பெரியாஸ்பத்திரியில், நல்லுசாமியிடம், லைன் வீட்டுச் சனங்களிடம், எல்லோரிடமும் அவன் சொன்னது ஒன்றுதான்: சீட்டில் உட்கார்ந்தபடியே, என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள். குளிப்பாட்டிய பெண்கள், காதெல்லாம் மணல் என்றார்கள். காற்றுக்காகக் கீழே படுக்கவைத்தேன் என்று சொல்லிவிட்டான்.

இன்றைக்கு அவன் எதையும் மறக்கவில்லை. திட்டின் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பூட்டுகளைத் திருப்பி, திருப்பியதை மறுபடி இரண்டு தடவை தொட்டுப் பார்த்தான். டயர் காற்று உஸ்ஸென்று இறங்கியபோது அந்தச் சத்தம் பிடிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டான். ஆற்றங்கரை வரைக்கும் ஒரு குலுக்கல்கூட இல்லை. அங்கே சரளைக்கல் தரையில் வண்டியைத் திரும்பும் பக்கமாகத் திருப்பி நிறுத்தினான். முழங்கால் தண்ணீரில் இறங்கி நல்லுசாமி கலயத்தைக் கொடுக்க, வீரப்பன் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் விட்டான். அது தண்ணீரில் விழுந்த சத்தம் ரொம்பச் சின்னதாக இருந்தது. பதினாலு வருஷத்துக்கு இவ்வளவு சின்னச் சத்தமா என்று நினைத்தான்.

“திரும்பிப் பாக்காத மாப்ள. நேரா வா. வீடு போய்ச் சேர்றவரைக்கும் திரும்பக் கூடாது.”

வண்டியில் ஏறியதும் வீரப்பன் முதல் வேலையாகக் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவைத்தான். மலைமேல் மழை பிடித்துவிட்டது. தேயிலைச் சரிவெல்லாம் பனி இறங்கி, வரிசை வரிசையாக இருந்த செடிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. ஆறு பால்காப்பி நிறத்துக்கு மாறி, கரையை நக்கியபடி ஏறத் தொடங்கியிருந்தது.

வந்த தடத்தில்தான் ஓட்டினான். ஆனால் அடியில் நீர் ஊறி மணல் இளகிவிட்டிருந்தது. பாதி வழியில் வண்டியின் மூக்கு தாழ்ந்தது. அவன் காலை எடுத்துவிட்டான். சக்கரத்தைச் சுழலவிடக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். இந்த மாதிரி நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் பார்த்தபடி பத்தடி போய், வேறு பக்கமாக வருவது. கை தானாகவே கியருக்குப் போனது.

“டேய்!” நல்லுசாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “என்னா செய்யற? பின்னால பாக்கணும்ல? இப்பத்தான கரைச்சிட்டு வர்றோம்!”

“மச்சான், இல்லன்னா வண்டி ஏறாது. தண்ணி வருது.”

“வரட்டும். நான் முன்னால தோண்டறேன். நீ முன்னாலயே எடு.”

நல்லுசாமி மண்வெட்டியோடு இறங்கினான். வீரப்பன் முன்கண்ணாடி வழியாக அவன் முதுகு வளைந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வைப்பர் கிரீச் கிரீச்சென்று அடித்தது. கான்வாஸ் கூரையில் தூறல் பொரிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் மணலை வாரிவிட்டு, நல்லுசாமி நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்த கெட்டித் தரையைக் கைகாட்டினான். “நான் அங்க போய் நிக்கறேன். என்னப் பாத்து நேரா வா. எனக்காக நிறுத்திறாத!”

பனிக்குள் அவன் ஓடிப்போவதும் தோள் துண்டை எடுத்து ஆட்டுவதும் தெரிந்தது. வீரப்பன் கிளட்சை மெதுவாக விட்டான். நாலு சக்கரமும் ஒரே சமயத்தில் முனகின. வண்டி ஒரு சாண் ஏறி, மறுபடி சறுக்கி உட்கார்ந்தது. மறுபடி விட்டான். ஒரு சாண். சறுக்கியது.

மூன்றாம் தடவை விட்டபோது வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு உந்தல் வந்தது.

என்ஜினின் உந்தல் அவனுக்குத் தெரியும். இருபது வருஷப் பழக்கம். இது வேறு. பின்கதவில் எடை விழுந்து, ஸ்பிரிங் லேசாகக் கிரீச்சிட்டு, ஒரு ஆளின் தம் மட்டும் எவ்வளவு தள்ளுமோ அவ்வளவு தள்ளியது. அப்புறம் விட்டது. அப்புறம் மறுபடி. கூடவே கான்வாஸுக்கு அந்தப் பக்கம் அந்த மூச்சு. உள்ளே போகும்போது விசில் அடிக்கும். வெளியே வரும்போது பாதியில் அறுந்துபோகும். செவ்வாய்க்கிழமை விடியற்காலை முழுக்க அவன் காதருகில் கேட்ட மூச்சு.

நல்லுசாமி முன்னால் நின்று துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான்.

வண்டி குழியிலிருந்து ஏறிவிட்டது. இரண்டாம் கியரில் சீராக உருண்டது. அவன் கழுத்து மரத்துப்போயிருந்தது. திரும்பாதே. திரும்பாதே. பின்னால் மணலில் காலடி கேட்டது. வண்டியைவிட்டு மூன்றடி பிந்தி. அப்புறம் ஐந்தடி. ஓட முயன்றது. முடியவில்லை. மூச்சு இன்னும் பின்னால் போயிற்று. விசில். அறுந்தது. விசில்.

இன்னும் எழுபது கெஜம். இப்படியே போய்விட்டால் தப்பிவிடலாம். நல்லுசாமிக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. நாளைக்கு ஷெட்டு, வண்டி, கொழுந்துச் சாக்கு என்று எல்லாம் பழையபடி நடக்கும். அவளோ இதே மணலில், இதே மழையில், நிற்காத ஒரு வண்டிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருப்பாள்.

வீரப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதான்.

“நான்தான் எறக்கிவிட்டேன் மச்சான்!” என்று முன்கண்ணாடியைப் பார்த்துக் கத்தினான். “நான்தான் தள்ளச் சொன்னேன்! விட்டுட்டுப் போய்ட்டேன்!”

என்ஜின் சத்தத்தில் அது நல்லுசாமிக்குக் கேட்டதோ இல்லையோ, ஆடிக்கொண்டிருந்த துண்டு நின்றது.

வீரப்பன் பிரேக்கை மிதித்தான்.

வண்டி நின்றது. உடனே நாலு மூலையும் மெல்லக் கீழே இறங்கின. என்ஜின் இருமி அணைந்தது. தூரத்தில் நல்லுசாமி, “நிறுத்தாதடா! எடு! எடு!” என்று அலறினான்.

வீரப்பன் காத்திருந்தான். பின்னால் காலடி. மெதுவாக. நின்று நின்று. பின்கதவைத் தாண்டியது. பின்சக்கரத்தைத் தாண்டியது. அவன் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை. அவள் அவன் பக்கத்து ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

முந்தானையை இன்னும் இடுப்பில் செருகியிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான். வந்துட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள் என்று நினைத்தான். சத்தம் வரவில்லை. மணல் வந்தது. கொட்டி அவன் மடியில் விழுந்தது.

அன்றைக்கு அவளைப் புரட்டியபோதே பார்த்தான். வாய் நிறைய. முகத்தைத் துடைத்தான், உள்ளே கை விட அவனுக்குப் பயமாக இருந்தது. வாய்க்கரிசி போடும்போதும் பல்லிடுக்கில் மணல் தெரிந்தது. தெரிந்தும் அரிசியை மேலே போட்டு மூடினான்.

“இரு புள்ள. எடுத்துர்றேன். இரு.”

ஜன்னல் வழியே இரண்டு விரலை விட்டு அவள் வாயிலிருந்து மணலைத் தோண்டினான். சில்லென்று இருந்தது. ஒரு பிடி வெளியே போட்டான். இன்னொரு பிடி. அதில் நாலைந்து அரிசி. மறுபடி மணல். அவள் பொறுமையாக வாயைத் திறந்து, கண்ணை அவன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். காலடித் தகட்டின் மேல் தண்ணீர் ஏறியது. நல்லுசாமியின் குரல் எங்கிருந்தோ அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இன்னும் கொஞ்சந்தான்” என்றான் வீரப்பன். கை முழங்கைவரைக்கும் உள்ளே போயிருந்தது. மணல் தீரவில்லை.