பழத்தோட்டப் படத்தின் பின்பக்கம்

"அக்கா, சாயங்காலம் போலீஸ் வந்திருவாங்க. திருடின்னு பேர் வாங்கிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல போய் நிப்பேன்?"

துப்பறியும் ஆவுடைத்தாயின் முன்னால் ஓவிய ஆசிரியை பிரேமலதா தேம்பினாள். கொக்கிரகுளம் நடராஜ் வீட்டில் ஒரு பழைய பிரெஞ்சு ஓவியம் இருந்தது. வெயில் கொட்டும் தோட்டம், பழமரங்கள்; கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டுகள், எட்டி நின்றால் இலையெல்லாம் மினுங்கும். தீபாவளி கழிந்து, தூசி எடுத்துத் தரச் சொல்லி நடராஜ் அவளிடம் கொடுத்தார். அவள் திருப்பிக் கொடுத்த பிறகு, அவர் கூட்டி வந்த நிபுணர் அது நகல் என்று சொல்லிவிட்டார். அசலை முன்னே பின்னே பார்த்திராதவள் எதைக் கண்டாள், பாவம்! பழி அவள் தலையில் விழுந்தது.

"அழுதது போதும், வா" என்று ஆவுடைத்தாய் எழுந்தாள்.

நடராஜ் வீட்டுக்குள் நுழைந்ததுமே உதவியாளன் அஃப்சல் சன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தான்.

"ஏலே, பைய. வீட்டைப் பேத்துராத" என்றாள் ஆவுடைத்தாய்.

பீரோ, ஃபிரிட்ஜ், தையல் மிஷின் எல்லாவற்றிலும் சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனக் குங்குமப் பொட்டு காய்ந்திருந்தது. படத்தின் முகத்தில் மட்டும் இல்லை. ஆவுடைத்தாய் படத்தைக் கழற்றித் திருப்பினாள். ஓவியத் துணியை இழுத்து அடித்திருந்த மரக்கட்டையில் ஒரே ஒரு பொட்டு, பாதி உதிர்ந்து இருந்தது.

"மதினி, இது நீங்க வச்சதா?"

கதவோரம் நின்ற நடராஜின் மனைவி சித்ரலேகா புருசன் முகத்தைப் பார்த்தாள்.

அஃப்சல் துள்ளினான். "பூசைக்கு முன்னாலயே இந்தப் படம் இங்கன இருந்திருக்கு! லதாக்கா கைக்குப் போனது தீபாவளிக்குப் பெறவு! அப்போ இதுதான் அசலா?"

"கெடுத்தியே! ஏலே, அசல்னா வருசத்துக்கு ஒரு பொட்டு ஏறியிருக்குமே. இதுல இந்த வருசப் பொட்டு மட்டும்தான். போன பூசைக்கும் இந்தப் பூசைக்கும் நடுவுல வீட்டு ஆளே படத்தை மாத்தியிருக்கு. அசலை வித்த பணமும் வேணும், திருட்டுப் பழியை இவ தலையில போட்டு காப்பீட்டுப் பணமும் வேணும். பின்னால பொட்டு வைக்கிறது அண்ணாச்சிக்குத் தெரியல. பூசைன்னா சுண்டல் திங்கதோட சரி."

நடராஜ் சீறினார். "பொட்டு யாரு வேணாலும் வைக்கலாம். இந்தப் பிள்ளையே வச்சிருக்கும்!"

"வைக்கலாம் அண்ணாச்சி. மதினி வாயைத் திறக்கலேன்னா என் பேச்சு காத்தோட போச்சு. இவ ஜெயிலுக்குப் போவா."

"உள்ள போ!" என்று மனைவியைப் பார்த்து நடராஜ் உறுமினார்.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. பிரேமலதா சித்ரலேகாவையே பார்த்தாள். புருசனை எந்தப் பொம்பளை விட்டுக்கொடுப்பாள்?

சித்ரலேகா உள்ளே போகவில்லை. நேரே வந்து பிரேமலதாவின் பக்கத்தில் நின்றாள்.

"நான்தான் வச்சேன். வருசா வருசம் வைப்பேன். முன்னால வச்சா இவுக ஏசுவாகன்னு பின்னால வைப்பேன். இந்த வருசம் திருப்புனா, பழைய பொட்டு ஒண்ணுகூட இல்ல. இவுகதான் தொடச்சுட்டாகன்னு இருந்துட்டேன்."

பிறகு புருசன் பக்கம் திரும்பினாள்.

"சட்டையப் போட்டுட்டு வாங்க. வாசல்ல ஆளு நிக்குது."