வீட்டுப் பெயர்

“அந்தப் பெயரைத் திருப்பித் தா.”

கேட்கவே கூடாது என்று அந்த விளையாட்டு சொல்லியிருந்த ஒரே விஷயம் அதுதான். மேசையில் கிடந்த கைபேசியைப் பார்த்துத் தயாளினி கேட்டாள். திரைக்குள் இருந்த பறவை சிறகு கோதுவதை நிறுத்தியது.

விளையாட்டின் பெயர் மில் நீ, ஆயிரம் கூடுகள். விதவிதமான பிராணிகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது என்று தங்கை லக்சிகா நச்சரித்ததால், ரூ பெர்தொனே தெருவில் பழைய போன் ஒன்றை வாங்கி அதில் இறக்கிக் கொடுத்தாள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும் என்று நினைத்தாள். முதல் நாளே நூற்றுப் பதின்மூன்றாம் இலக்கப் பறவை அகப்பட்டது. ஒர்வீன் என்ற இனம். காகம் அளவு, ஈரச் சாம்பல் நிறம், கண் வரையப்படவில்லை, கழுத்து மட்டும் தேவைக்கு மேல் நீளம். கீழே இரண்டே வரி: பெயர் கொடுத்தால் வளரும். கொடுத்த பெயரைத் திருப்பிக் கேட்காதீர்கள்.

பெயரைத் தட்டியவள் தயாளினி. ஒன்பது வயதிலிருந்து அந்த வீட்டின் எல்லாப் படிவங்களையும் அவள்தான் நிரப்புகிறாள். பாஸ்போர்ட் பெயரை இணையத்தில் கண்ட இடத்தில் எழுதக் கூடாது, விசாப் பதியும் பிரெஃபெக்தூர் கந்தோரில் ஓர் எழுத்து பிசகினாலே இரண்டு வருடம் அலைச்சல். அந்தப் பயம் விரல்களிலேயே ஊறியிருந்தது. கடதாசிப் பெயரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிற சனம் இது. அதனால் தங்கையின் வீட்டுப் பெயரைக் கொடுத்தாள். எந்தக் கந்தோருக்கும் தெரியாத, எதற்கும் உதவாத, அம்மா மட்டும் கூப்பிடுகிற பெயர்.

சூட்டி.

இரண்டு நாள் கழித்து, மெத்ரோ ரயில் மேம்பாலத்தில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் அந்த வீட்டில், தாளிச்ச கறிவேப்பிலை மணமும் ஹீட்டரின் கருகிய தூசி மணமும் கலந்து கிடந்த ஒரு பின்னேரத்தில், அம்மா சமையலறையிலிருந்து “சூட்டி” என்று கூப்பிட்டாள். லக்சிகா தலை நிமிரவில்லை. “ஓம் அம்மா” என்றது போன். லக்சிகாவின் குரல். தொண்டையில் தண்ணீர் நின்றது போன்ற சின்ன அடைப்பு மட்டும் வித்தியாசம்.

மூன்றாம் கிழமை வந்தபோது அம்மா போனுக்குப் பக்கத்தில் கோப்பை வைத்துச் சோறு குழைத்தாள். பள்ளிக்கூடத்தில் லக்சிகாவுக்கு ஒரு குறையுமில்லை, கை தூக்கிப் பதில் சொல்கிறாள் என்று டீச்சர் எழுதியிருந்தாள். வீட்டு வாசலைத் தாண்டினால்தான் வேறு. கோட்டும் சப்பாத்தும் கழற்றாமல், யாரோ வந்து கூட்டிப்போகக் காத்திருப்பவள் போலக் கதிரை நுனியில் இருப்பாள். “மடாம், கக்கூஸ் எங்கே?” என்று அம்மாவிடம் பிரெஞ்சில் கேட்பாள்.

“இந்தப் பிள்ளையின்ரை தாய் எப்ப வந்து கூட்டிக்கொண்டு போவா?” என்றாள் அம்மா. குரலில் எரிச்சல் இல்லை. இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வீட்டில் தயாளினிக்கு மட்டும் தங்கையைத் தெரிந்தது. அவள் ஒருநாளும் சூட்டி என்று கூப்பிட்டதில்லை, எப்போதும் லக்சிதான். அதனால்தானோ என்னவோ.

விளையாட்டை அழித்துப் பார்த்தாள். திரும்ப வந்தது. போனை வாங்கிய கடைக்கே கொண்டு போனாள். கடைக்கார ஐங்கரன் சிரித்தான்.

“மாஸ்டர் முடிச்ச பிள்ளை, ஒரு குருவியோடை சண்டை பிடிக்கிறாய். யூனிவர்சிற்றியிலை இதுதான் படிப்பிச்சவங்களோ?”

“கதைக்காமல் கழட்டுங்கோ அண்ணை.”

மூடியைத் திறந்தான். பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தான். இறந்திருக்க வேண்டிய திரைக்குள் பறவை தலையைச் சாய்த்து அவன் பக்கம் கழுத்தை நீட்டியது. ஐங்கரன் இரண்டு கையாலும் திரையைப் பொத்திக்கொண்டான். பிறகு பற்றரியைத் திரும்பப் போட்டு, அவள் முகத்தைப் பாராமல் போனைத் தள்ளிவிட்டான். “கொண்டு போங்கோ. இனி இஞ்சை கொண்டு வர வேண்டாம்.”

அவன் பேச்சில் ஒருமை போய்விட்டது. குருவி என்ற சொல்லும் போய்விட்டது.

இப்போது, கேட்டாகிவிட்டது. திரையில் ஒரு வரி எழுந்தது: பதிலுக்கு?

கீழே வெற்றுக் கட்டம். கோடு மினுங்கியது.

தயாளினி என்று தட்டினாள். ஏற்கவில்லை. இந்தப் பெயரால் உன்னை இந்த வீட்டில் யாரும் அழைப்பதில்லை என்றது திரை. வாயில் வந்த பெயரொன்றைத் தட்டினாள். அதுவும் இல்லை. அம்மாவுக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்ட அப்பாவோடு ஆறு வருடத்துக்கு முன் அது போய்விட்டது.

மிஞ்சியது ஒன்று.

பவா. இருபத்தைந்து வயதில், மாஸ்டர் முடித்த பிறகும், படிக்கட்டில் நாலு வெள்ளைக்காரர் நிற்க அம்மா அவளை உரத்துக் கூப்பிடுகிற பெயர். எத்தனை தரம் சண்டை பிடித்திருக்கிறாள், அப்பிடிக் கூப்பிடாதேங்கோ என்று.

அறையில் வாசனை மாறியிருந்தது. நனைந்த இறகு. திரைச்சீலைக் கம்பி மெல்ல வளைந்தது. அவள் மேலே பார்க்கவில்லை.

சோபா நுனியில் லக்சிகா. கோட்டோடு. கையை மடியில் வைத்து. தூங்காமல், அழாமல், தாய் வருவாளா என்று கதவைப் பார்த்தபடி.

தயாளினி எழுந்தாள். சப்பாத்தைப் போட்டாள். கோட்டைப் போட்டாள். பாஸ்போர்ட், டிப்ளோம், வங்கி அட்டை, எல்லாம் பைக்குள். பெயரைக் கொடுத்த பிறகு இது யாருடைய வீடென்று அவளுக்குத் தெரியாது. தெரியாத வீட்டுக்குள் நிற்பதைவிட வாசலில் நிற்பது நல்லது. கதவைத் திறந்து வைத்தாள். போய் அம்மாவை ஒருதரம் தொடலாம். தொட்டால் முடியாது.

தட்டினாள். ப. வா.

அழுத்தினாள்.

சோபாவில் சின்னப் பிள்ளையொன்று மூச்சை இழுத்தது. “அம்மா, பசிக்குது.”

“சூட்டி, முதல்லை சப்பாத்தைக் கழட்டு,” என்றாள் சமையலறையில் நின்ற பெண். யாரென்று தெரியாத பெண். நல்ல கறி மணம்.

தயாளினி கையிலிருந்த போனை அந்த வீட்டு மேசையில் வைத்தாள். தன்னுடையதல்ல. தவறி உள்ளே வந்துவிட்டவள் போல, கூச்சத்தோடு வெளியேறிக் கதவைச் சாத்தினாள்.

“பவா, சாப்பிட வா.”

“ஓம் அம்மா, வாறன்.”

உள்ளேயிருந்து கேட்டது தயாளினியின் குரல். அவளுடைய வாய் மூடியிருந்தது.

கதவுக்குப் பின்னால், மரத்தரையில், நகங்கள். பாரமாக. ஒவ்வொன்றாக. சமையலறைப் பக்கம்.

“அம்மா,” என்றது அந்தச் சின்னப் பிள்ளை. “அம்மா, அது ஆர்?”

“அக்காவெல்லோ. தள்ளி இருந்து இடம் விடு.”

கதிரை இழுபட்டது. பிள்ளை வீரிட்டது.

யாரோ வீட்டுப் பிள்ளை. தயாளினி கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கினாள்.