செல்வா அனுப்பிய மூன்று முகங்கள்

பாரிட் வாய்க்கால் கரையில் ஒரு ஜோடி சிலிப்பர் ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் ஒரு போன்.

இரண்டுக்கும் சொந்தக்காரனான செல்வா, கீழே அந்தக் கலங்கல் வாய்க்காலில் குப்புற மிதந்து கொண்டிருந்தான்...

சுங்கை பஞ்சாங் பக்கம், செம்பனைத் தோட்டம் முடிந்து வயல் தொடங்குகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவனுடைய அக்கா புனிதவதி, போலீஸ் ஸ்டேஷனில் தன் முன்னால் நீட்டப்பட்ட பேனாவை முறைத்துக் கொண்டிருந்தாள்.

"கையெழுத்து போடுமா. பாடிய இப்பவே ஆஸ்பத்திரியிலேருந்து எடுத்துக்கலாம். நாலு மணிக்குத் தகனம் வச்சுக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர் சிவநேசன்.

"போஸ்ட்மார்ட்டம்?"

"அது எதுக்குமா? எல்லாத்தையும் தம்பியே எழுதி உனக்கு அனுப்பிட்டானே."

புனிதவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செரண்டா பேக்டரியில் பத்து வருஷமாக சூப்பர்வைசர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவள் அவள். பேனாவை மேஜையின் அந்தப் பக்கத்துக்குத் தள்ளினாள்.

"போட மாட்டேன்."

"ஏம்மா?"

"எரிச்சுட்டா சாம்பல்தான் மிஞ்சும் சார். சாம்பல்கிட்ட நீங்க என்னத்த விசாரிப்பீங்க?"

சிவநேசன் பெருமூச்சு விட்டார். ஐம்பத்தைந்து வயது. கெட்டவர் இல்லை, சீக்கிரம் பென்ஷன் வாங்க ஆசைப்படுகிறவர். அவள் போனை வாங்கி, செல்வாவின் கடைசி மெசேஜை மறுபடி படித்தார்.

'அக்கா, லீலாவதி அம்மாவ லோரியால இடிச்சது நான்தான். மனசு கேக்கல. நான் போறேன். மன்னிச்சிடு 😂😂😂'

"மனசு ஒடஞ்சு அழுதிருக்கான் பாரு. மூணு மொகத்துலயும் தண்ணியா கொட்டுது."

புனிதவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார்... அது அழுக இல்ல. சிரிப்பு."

"என்னது?"

"விழுந்து விழுந்து சிரிச்சா கண்ணுல தண்ணி வருமே, அந்த மொகம். வாயப் பாருங்க. பல்லு தெரியுது."

இன்ஸ்பெக்டர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார். போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"போன மாசம்... எங்க மேலதிகாரியோட மாமியார் தவறிட்டாங்க..."

"எத்தன போட்டீங்க?"

"அஞ்சு."

வேறொரு நாளாக இருந்தால் புனிதவதி சிரித்திருப்பாள். இன்று ஆத்திரம்தான் வந்தது.

"என் தம்பிக்கு இருபத்தி நாலு வயசு சார். சோறு இல்லாம இருப்பான், போன் இல்லாம இருக்க மாட்டான். சாகப் போறவன் இதப் போயி போடுவானா? இத எழுதுனது அவன் இல்ல. இத அழுகன்னு நம்புற ஒரு ஆளு."

"அவன் போன் அவன் வெரல வச்சாத்தாம்மா தொறக்கும்."

"வெரல் இருந்தா போதும் சார். வெரலுக்குச் சொந்தக்காரன் முழிச்சிருக்கணும்னு அவசியம் இல்லையே."

புனிதவதி நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தோட்டத்து ரோட்டில் சைக்கிளில் போன லீலாவதியை ஒரு லோரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. யாரும் நம்பரைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமைதான் செல்வா போனில் அக்காவிடம் வாயைத் திறந்தான்.

"லோரில நானும் இருந்தேங்க்கா. ஆனா ஓட்டுனது நான் இல்ல. திங்கக்கெழம ஸ்டேஷனுக்குப் போயி, யாருன்னு சொல்லிடப் போறேன்."

திங்கட்கிழமை வந்துவிட்டது. செல்வாதான் வரவில்லை.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?" என்றார் சிவநேசன்.

"நேத்துலேருந்து சொல்றேன். நீங்க பேனாவத்தான் நீட்டுறீங்க."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"செல்வா யாரோட லோரி ஓட்டுனான்?"

"கார்த்திகேசு மொதலாளியோடது. செம்பனக் கொல ஏத்துற லோரி. அவருக்கு ஒரே மகன், லோகேஸ்வரன். லைசன்ஸ் கெடயாது. அவசரம் மட்டும் நெறய உண்டு."

"அப்ப மகன்தான் இத..."

"மகன் சின்னப் பையன் சார். அவனுக்கு சிரிப்பும் அழுகையும் தெரியும். இதப் பாருங்க."

அவள் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாள். லீலாவதி இறந்த மறுநாள் செல்வா அனுப்பியது. கோயில் குரூப்பில் வரிசையாக இரங்கல் செய்திகள். எல்லாவற்றிலும் கும்பிட்ட கைகள். ஒன்றில் மட்டும், 'ஆழ்ந்த இரங்கல்' என்ற வரிக்குப் பக்கத்தில், மூன்று முகங்கள் பல்லைக் காட்டிக் கொண்டிருந்தன.

அனுப்பியவர், கார்த்திகேசு.

அதற்குக் கீழே செல்வா ஆத்திரத்தோடு எழுதியிருந்தான். 'பாருக்கா. ஒரு உசுரு போயிருக்கு, எங்க மொதலாளி கண்ணுல தண்ணி வர சிரிக்கிறாரு.'

சிவநேசன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"வண்டிய எடுக்கச் சொல்றேன்."

* * *

கார்த்திகேசுவின் வீட்டு வாசலில் இரண்டு லோரிகள் நின்றன. ஒன்றின் முன்பக்கத்தில் புதுப் பெயிண்ட் பளபளத்தது.

வாசலுக்கு ஓடி வந்தது அவர் மனைவி நல்லம்மாள். நெற்றி நிறைய விபூதி. புனிதவதியைக் கட்டிப் பிடித்துக் கொண்டு ஓவென்று அழுதாள்.

"கண்ணு... எம்புள்ள மாதிரி வளத்தேனே அவன..."

புனிதவதி மரம் போல நின்றாள். நல்லம்மாள் கண்ணைத் துடைத்துக் கொண்டு, எல்லாருக்கும் கோப்பி கலக்க உள்ளே போனாள்.

"ஒங்க மகன் எங்க?" என்றார் சிவநேசன்.

"பாகான் நக்கோடா ஓமார்ல. அவன் மாமன் வூட்ல" என்றார் கார்த்திகேசு.

"எப்பலேருந்து?"

"ரெண்டு வாரமா."

"லீலாவதி செத்த அன்னிலேருந்தா?"

கார்த்திகேசுவின் முகம் கறுத்தது. புனிதவதிக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்த மூணு மொகமும் நீங்க போட்டதுதான மாமா? என் தம்பி பேருல எனக்கு வந்த மெசேஜ்லயும் இதே மூணுதான். கொன்னது நீங்கதான?"

"ஏய்! யாரப் பாத்து என்னா பேசுற?" கார்த்திகேசு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நானா போட்டேன்? எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது லா! எட்டு வயசுல ரப்பர் மரத்துல பால் வெட்டப் போனவன் நான். பேரு மட்டும் கிறுக்குவேன். என் போன்ல மெசேஜ் தட்டுறது பூரா இவதான்!"

அவர் விரல் நீண்ட திசையில், கோப்பித் தட்டோடு நல்லம்மாள் நின்றிருந்தாள்.

புனிதவதிக்குச் சுருக்கென்றது. அந்த வட்டாரத்து வழக்கமே அதுதானே! கோயில் குரூப்பில் குடும்பத்துக்கு ஒரு ஆண் மட்டும். இரங்கல் அவர் பெயரில்தான் போகும். தட்டுவது அடுப்படியில் நிற்கிற பெண். இது அவளுக்கே தெரியும். கோபத்தில் மறந்து போயிருந்தாள்.

"ஆமா கண்ணு, நான்தான் போட்டேன்" என்றாள் நல்லம்மாள் நிதானமாக. "அதுல என்னா தப்பு? அழற மொகம்தான அது? எழவு வூட்டுக்கு யாராச்சும் சிரிச்ச மொகம் போடுவாங்களா? பாவம், செல்வாவும்தான் போறப்ப மூணு மொகம் அழுதுட்டுப் போனான்..."

புனிதவதி நீட்டிய போனைக் கீழே இறக்கினாள்.

"மாமாகிட்ட மூணு மொகம்னு நான் சொன்னேன். நீங்க அடுப்படில இருந்தீங்க, கேட்டிருக்கும்" என்றாள் புனிதவதி மெதுவாக. "போறப்ப எழுதுனான்னு நான் சொல்லலையே அத்த? கடைசியா எழுதிட்டுப் போனான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"ஊ... ஊரே பேசுதே..."

"ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும். எழுதுன ஆளுக்குத் தெரியும்."

தட்டில் இருந்த கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கின. சிவநேசன் எழுந்து போய்த் தட்டை வாங்கிக் கீழே வைத்தார். அந்தக் கோப்பியைப் பார்த்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"செல்வா பாடிய யார்கிட்டயும் குடுக்காதீங்க. போஸ்ட்மார்ட்டம் செய்யணும். வயித்துல கோப்பி இருக்கா, கோப்பில வேற என்ன இருக்குன்னு பாக்கணும்."

அவ்வளவுதான். நல்லம்மாள் அப்படியே தரையில் சரிந்தாள்.

"தூக்க மாத்திரதான்... நான் போட்டுக்குற மாத்திர..."

"என்னாடி சொல்ற?" கார்த்திகேசுவின் குரல் உடைந்தது.

"கால்ல விழாத கொறயா கெஞ்சுனேங்க. லோகேஸ் பேர சொல்லாதடான்னு. கேக்கலயே அவன். பாரிட் கரைல ஒக்காந்து நான் குடுத்த கோப்பியக் குடிச்சுகிட்டே, நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன்னான். எம்புள்ளய ஜெயிலுக்கு அனுப்பச் சொல்றீங்களா? தூங்குனான். அவன் வெரல எடுத்து போன்ல வச்சேன். எழுதுனேன். லேசாத்தான் தள்ளுனேன்..."

புனிதவதி அவள் எதிரில் குனிந்தாள். அடிக்கவில்லை.

"தள்ளுனது பத்தாதுன்னு, செத்தவன் தலையில கொலப்பழியயும் கட்டிவிட்டீங்க. அதுக்கு மூணு மொகம் வேற."

* * *

போலீஸ் வண்டி நல்லம்மாளோடு கிளம்பியது. மகனைக் கூட்டி வர இன்னொரு வண்டி பாகான் நக்கோடா ஓமாருக்குப் பறந்தது.

வாசலில் நின்ற புனிதவதி போனைத் திறந்தாள். நேற்று மாலை கார்த்திகேசுவின் நம்பரிலிருந்து வந்த ஆறுதலை அவள் இதுவரை பிரித்தே பார்க்கவில்லை. 'தைரியமா இரு கண்ணு 😂😂😂'

அதற்கு அவள் ஏதோ பதில் அனுப்பினாள்.

"அத அழிச்சுடாதம்மா, கோர்ட்டுக்கு வேணும்" என்றார் சிவநேசன். பிறகு எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "நீயும் அதே மொகமா? ஒண்ணுதான் போட்டிருக்க..."

"பாக்கி ரெண்டும் தீர்ப்பு வர்ற அன்னிக்கு சார்."