ஏறி வாங்க

சனிக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் இந்துவுக்கு அது முதலில் தெரிந்தது. காதுக்குத் தெரிவதற்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. சிவப்புச் சிமெண்ட் பூசிய அந்தத் தரை ஜனவரிக் குளிரில் பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது. அந்தச் சில்லிப்புக்கு வெகு கீழே, அவசரமே இல்லாத ஒரு கை தட்டுவதுபோல மூன்று தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

பக்கத்து வீட்டில் யாரோ எதையோ இடிக்கிறார்கள் என்று நினைத்தாள். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகள் அவை. ஒரே சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும் என்று வீட்டுக்கார டெய்சி ஆன்ட்டி முந்தின நாள் சாயங்காலமே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். ஆனால் குளியலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது இடப்பக்கத்து வீட்டுக்குக் கூரையே இல்லை. உள்ளே ஆள் உயரத்துக்கு எருக்கு முளைத்திருந்தது. வலப்பக்கம் டெய்சியின் சொந்த வீடு. அவர் அப்போது வாசலில் நின்று கோழிகளுக்கு அரிசி தூவிக்கொண்டிருந்தார்.

இந்து வாய் கொப்பளித்துவிட்டு அதை மறந்துவிட முடிவு செய்தாள். இந்த மூன்று நாளை எதற்காகவும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று சென்னையில் வண்டி ஏறும்போதே அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கணவன் ரூபேஷ் ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை பார்ப்பவன். அக்டோபர் மழையில் சுவர் இடிந்து அடியில் சிக்கிய ஒருவர் கையில் போன் இருந்தது. நாற்பது நிமிடம் ரூபேஷ் அவரோடு பேசிக்கொண்டே இருந்தான். வந்துகொண்டிருக்கிறார்கள், வந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வண்டி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. பேச்சு நின்ற பிறகும் நகம் சுரண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது என்று ஒரே ஒரு முறை இந்துவிடம் சொன்னான். அதன் பிறகு அவன் தூங்கவில்லை, சிரிக்கவும் இல்லை. டிசம்பர் கடைசியில் அவனாகவே, யாரும் சுற்றுலா போகாத ஊருக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சொல்லி கோலார் தங்கவயலின் பெயரை எடுத்தபோது, ஏன் அங்கே என்றுகூட அவள் கேட்கவில்லை. அன்றே லீவு போட்டாள்.

அவள் கூடத்துக்கு வந்தபோது அவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் டெய்சி அனுப்பிய இட்லியும் குடல் குழம்பும். கையில் ஸ்பூனைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

"கேட்டியா? கீழ பழைய பைப் ஏதோ இருக்கு போல" என்றான். "நாம தட்டினா அதுவும் தட்டுது பாரு."

ஸ்பூன் காம்பால் தரையில் மூன்று முறை தட்டினான். ஒரு மூச்சு விடும் நேரம். கீழேயிருந்து மூன்று வந்தது. ரூபேஷ் சிரித்தான். பல் தெரிய, தோள் குலுங்க, பழைய ரூபேஷ் சிரிப்பதுபோலவே சிரித்தான். அவளும் சிரித்தாள். பல் துலக்கும்போது கேட்ட இடைவெளியைவிட இந்தப் பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது என்று அவளுக்குப் பட்டதை அவள் சொல்லவில்லை.

அன்றைக்கு ஊரை ஆசை தீரச் சுற்றினார்கள். ஊரிகம் ஸ்டேஷனில் நின்று பெங்களூரிலிருந்து திரும்பி வரும் ரயிலைப் பார்த்தார்கள். சயனைடு மேட்டின் அடிவாரத்தில் நின்று, சாம்பல் வெள்ளையில் மலைபோல் குவிந்து கிடக்கும் அரைத்த கல்தூளைப் போட்டோ எடுத்தார்கள். ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பேக்கரியில் சுடச்சுடத் தில்பசந்த் வாங்கி, தேங்காய்ப் பூரணம் விரலில் ஒட்ட ஒட்ட நடந்தபடியே தின்றார்கள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் போய்த் தெலுங்கில் முடிக்கும் பேரங்களைக் கேட்டு ரூபேஷ் வியந்துபோனான். மதியம் அவன் போட்டு வைத்திருந்த பட்டியலில் முதலாவதாக இருந்த பிரியாணிக் கடைக்குப் போனார்கள். புகையேறிய சுவர், ஆட்டம் காணும் மரப் பெஞ்சு, கொத்தமல்லியும் கொழுப்பும் எரிந்த விறகும் கலந்த வாசனை. இலையில் கறி விழுந்த நிமிடத்தில் இந்துவின் செருப்புக்கு அடியில் அது மறுபடி வந்தது.

மூன்று.

டம்ளர் தண்ணீரில் வட்டம் விழுந்து விரிந்தது. கடையில் யாரும் தலை தூக்கவில்லை. மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய்ப் படிக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு மிச்சத்தைச் சாப்பிட்டார். இந்து குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். ரூபேஷின் குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. கறி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் அவன் முழங்காலில் கை வைத்தாள். கால் நின்றது.

சாயங்காலம் டெய்சி தங்கள் சர்ச்சில் பாடகர் குழு பயிற்சி நடக்கிறது, வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டிருந்தார். நூறு வருடப் பலகைத் தரை, மெழுகு வாசனை, நான்கு குரலாகப் பிரிந்து உயரும் பாட்டு. இந்துவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் பலகைக்கு அடியிலிருந்து அது வந்தபோது ஆர்கன் வாசித்த பெண்ணின் விரல்கள் ஒரு தாளம் தவறின. பிறகு முன்னைவிடச் சத்தமாக வாசித்தாள். பாடியவர்களும் குரலை ஏற்றினார்கள். அத்தனை குரலுக்கும் நடுவில், தன் பக்கத்தில், ரூபேஷின் குதிகால் பதில் சொல்வதை இந்து கேட்டாள்.

திரும்பும் வழியில் அதைப் பற்றிக் கேட்டாள். தான் எதையும் தட்டவில்லையே என்றான். அவன் முகத்தில் பொய் இல்லை.

ஞாயிறு காலை விழித்தபோது கட்டிலில் அவன் இல்லை. விரிப்புக்கூட இல்லாமல் தரையில் குப்புறப் படுத்து, ஒரு காதைச் சிமெண்ட்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் அவன் அப்படித் தூங்கி அவள் பார்த்ததில்லை. மூச்சு ஆழமாக, சீராக இருந்தது. குளிருமே என்று பதறிக் காலைக் கீழே வைத்தவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். தரை சூடாக இருந்தது. காய்ச்சல் கண்ட உடம்பு சுடுவதுபோல. அறையில் ஒரு வாசனையும் இருந்தது. பல வருடம் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வரும், துருவும் பாசியும் கலந்த வாசனை.

எழுப்பி உடனே கிளம்பலாமா என்று யோசித்தாள். அவன் தூங்கும் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டாள்.

மதியச் சாப்பாடு டெய்சி வீட்டில். அவருடைய கணவர் ஹரோல்ட் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அந்த வாரம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. டெய்சி தனியாளாக அத்தனையும் செய்திருந்தார்: ராகிக்களி, பிதுக்கம்பருப்புக் குழம்பு, மிளகு தூக்கலாக மாட்டுக்கறி வறுவல். ரூபேஷ் இரண்டு உருண்டை களி சாப்பிட்டான். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும் என்று டெய்சி சொல்லிக்கொடுத்தபோது குழந்தைபோலத் தலையாட்டினான். கை கழுவியதும் கண்ணைச் சுழற்றுகிறது என்று சொல்லிப் பக்கத்து வாசலுக்குள் போய்விட்டான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

இந்து டெய்சியோடு பின்கட்டுக் குழாயடியில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள். வெயில் நேராக அடித்தது. கோழிகள் ஒன்றுகூடத் தரையில் இல்லை. எல்லாம் மதில்மேல் ஏறி வரிசையாக நின்றிருந்தன.

கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கடைசியில், தரைக்கு அடியில் ஒரு சத்தம் கேட்கிறதே ஆன்ட்டி, அது என்ன என்று கேட்டாள்.

டெய்சி அலட்டிக்கொள்ளவில்லை. "அதுவா. கேட்டுக்கினேதான் இருக்கும். மைன்ஸ் மூடி இருவது வருசத்துக்கு மேல ஆச்சும்மா. கீழ முழுக்கத் தண்ணிதான். பாறை ஊறி ஊறி வெடிக்குது, அதான் சத்தம்னு எங்க வூட்டுக்காரு சொல்வாரு. நாங்க காதுல போட்டுக்க மாட்டோம்."

"அவர் திருப்பித் தட்டறார் ஆன்ட்டி."

டெய்சியின் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"இன்னா சொன்ன?"

"கீழ தட்டினா அவரும் தட்டறார். விளையாட்டாத்தான் ஆரம்பிச்சார். இப்ப அவருக்கே தெரியாம..."

"எத்தினி தட்னாரு?"

"மூணு."

டெய்சி குழாயை மூடினார். தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அந்த லைன் முழுக்க எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று இந்துவுக்கு உறைத்தது. டெய்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மைன்ஸ் குழில, ஷாஃப்ட்டுல, ஆளுங்கள ஏத்தி எறக்க இரும்புக் கூண்டு இருக்கும்மா, கேஜுன்னு சொல்வோம். அதுக்கு மணி உண்டு. கீழ இருந்து மூணு அடிச்சா, ஆளு ஏறப்போறாங்கன்னு அர்த்தம். மேல இருக்கிறவன் அதே மூணத் திருப்பி அடிக்கணும். அப்பதான் கேஜ் கெளம்பும்."

"திருப்பி அடிச்சா என்ன அர்த்தம்?"

"சரி, ஏறி வாங்கன்னு அர்த்தம்."

டெய்சி புடவையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எங்க மாமனாரு பாறை வெடிப்புல போனாரு. அவரோட இன்னும் எத்தினியோ பேரு. பாதிப் பேர மேல கொண்ணாரவே இல்ல. இந்த லைன்ல ஒரு கொழந்தகூடத் திருப்பித் தட்டாதும்மா. உனக்குச் சொல்லியிருக்கணும். வெளியூருக்காரங்க தட்டுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." பிறகு எழுந்தார். "போ. அவர எழுப்பிக்கினு கெளம்பு. பையெல்லாம் அப்புறம் அனுப்பிக்கலாம்."

இந்து ஓடினாள். ஓடும்போதே ஒன்றைக் கவனித்தாள். டெய்சி கூட வரவில்லை. குழாயடிக் கல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

காலுக்குக் கீழே எதுவும் தட்டவில்லை. நேற்றுக் காலையிலிருந்து முதல் தடவையாக, எதுவும் இல்லை.

கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. ரூபேஷ் என்று கூப்பிட்டாள். கதவை அறைய இரண்டு கையையும் தூக்கியவள், அறையாமல் நிறுத்திக்கொண்டாள். எத்தனை முறை அறைவது என்று பயமாக இருந்தது. கைகள் காற்றில் நின்றன.

கதவிடுக்கில் ஈரம். வாசற்படிக்கு அடியிலிருந்து செந்நிறத் தண்ணீர் மெல்லக் கசிந்து வந்தது. வெதுவெதுப்பாக அவள் கால்விரல்களைத் தொட்டது.

ஜன்னலுக்குப் போனாள். பாதி திறந்திருந்தது.

உள்ளே நல்ல வெளிச்சம். மேற்கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சதுரமாகத் தரையில் விழுந்திருந்தது. ரூபேஷ் குப்புறப் படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. முகத்தில் பயம் இல்லை. யாரையோ கடைசியில் எட்டிப் பிடித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

அவன் வலது கை கட்டிலை நோக்கி நீண்டிருந்தது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் சிமெண்ட் பிளந்திருந்தது. ஓர் ஆள் நுழையும் அகலம். உள்ளே கறுப்பு.

அந்தக் கறுப்பிலிருந்து ஒரு கை வந்திருந்தது.

வெகு காலம் தண்ணீரில் ஊறிய கை. வெள்ளையாக, தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, மணிக்கட்டில் தொளதொளவென்று கழன்று தொங்கியது. அது ரூபேஷின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ரூபேஷ் அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். கிணற்றில் விழுந்தவனைத் தூக்குகிறவனைப்போல, பல்லைக் கடித்து, முழங்கையை ஊன்றி, மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

"இந்து" என்றான், திரும்பாமலே. மெதுவாக, ஆசையாக. "வந்து ஒரு கை பிடி. நிறைய பேர் இருக்காங்க."

பிளவின் விளிம்பு முழுக்க, சுற்றிலும், வெயில் விழுந்த இடத்திலும் விழாத இடத்திலும், நகம் தேய்ந்துபோன விரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒன்றையொன்று நெருக்கி, பிடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தன.